ஐஸில் வைத்த மருந்து

2013-ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். குளச்சலில் இருந்து தங்கல் போகும் ஒரு விசைப்படகில் நான் என்ஜின் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கல் என்றால் காலையில் போய் மாலையில் திரும்புகிற வேலை இல்லை. கடலிலேயே பத்துப் பன்னிரண்டு நாள் கிடந்து, பிடிக்கிற மீனை ஐஸில் அடுக்கி, ஐஸ் தீரும்போதுதான் கரைக்கு முகத்தைத் திருப்புவோம். அந்தப் போட்டின் ஸ்ராங்கு, அதாவது ஓட்டுபவர், என் அக்காவின் கணவர். கடியப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான்.

மச்சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணவாய் மீன் எங்கே கிடக்கிறது என்று அவர் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லுவார். பத்துக்கு ஏழு தடவை சரியாக இருக்கும். மீதி மூன்று தடவையும் கணவாய்தான் தப்பு செய்தது என்று சண்டைக்கு வருவார். அப்படி ஒரு வீம்பு. வாட்டசாட்டமான ஆள், நாற்பது வயது தாண்டவில்லை, இரண்டு பெண் பிள்ளைகள். சவுதியில் இருந்து ஒன்றுக்கும் உதவாமல் திரும்பி வந்த என்னைப் போட்டில் ஏற்றி, என்ஜினைக் கையில் கொடுத்தவரும் அவர்தான். எனக்கு வாய் நீளம். அவருக்குக் கை முந்தும். ஆனாலும் எங்களுக்குள் ஒத்துப்போனது.

அந்த வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் மெலிய ஆரம்பித்தார். காலில் கல் கிழித்த ஒரு புண் ஆறவே இல்லை. நான் வெயில், அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் அக்கா வீட்டில் குடிக்கத் தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறந்தால், கதவில் முட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குப்பி மருந்து.

"என்னக்கா இது, கோழிக்குத் தீனம் வந்தா போடுற ஊசி மருந்தா?" என்று கேலியாகக் கேட்டேன்.

அக்காவின் முகம் செத்துப்போனது. என் கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போய், குரலைத் தாழ்த்திச் சொன்னாள். மச்சானுக்குச் சுகர். மாத்திரைக்கு அடங்கவில்லை, இன்சுலின் ஊசி போடவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையும் மாலையும் தானே வயிற்றில் குத்திக்கொள்கிறார்.

எங்கள் ஊரில் சுகர் என்றால் யாரும் பயப்பட மாட்டார்கள். இன்சுலின் என்று சொல்லிப் பாருங்கள். "ஓ... அவ்வளவு தூரம் ஆச்சா" என்று ஒரு இழுப்பு இழுப்பார்கள், சவப்பெட்டிக்கு அளவெடுக்கிற மாதிரி. ஸ்ராங்குக்கு ஊசி என்று தெரிந்தால் முதலாளி வேறு ஆள் பார்ப்பார். நடுக்கடலில் தலை சுற்றி விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்பார். போட்டில் இருப்பவர்களும் ஸ்ராங்கு பேச்சைக் கேட்க மாட்டார்கள். இதெல்லாம் மச்சானுக்குத் தெரியும். அன்றைக்குச் சாயங்காலமே என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்.

"ஏலே, ஆருக்கிட்டயாவது பறஞ்சா, பொறவு எனக்க போட்டுல நீ கால் வைக்கண்டாம், கேட்டியா."

நான் சத்தியம் செய்தேன். என் வாய்க்கு அது பெரிய சத்தியம்.

தடை முடிந்து முதலில் இரண்டு மூன்று குட்டி ஓட்டம் போனோம். ஒரு நாள், இரண்டு நாள். அப்போதெல்லாம் குப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார், வீட்டுக்குப் போனதும் பிரிட்ஜில் வைத்துவிடுவார். ஒரு தொல்லையும் வரவில்லை. ஐப்பசியில்தான் அந்த வருடத்தின் முதல் நீண்ட தங்கல். இத்தனை நாள் மருந்தை எங்கே வைப்பது? போட்டில் பிரிட்ஜ் ஏது?

மீன்பிடிக்கிறவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும்? ஐஸ். வேறென்ன! எங்களுக்கு உலகத்தில் கெட்டுப்போகிற எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து ஐஸ்தான். நெய்மீனோ கணவாயோ, பிடித்த நிமிடத்தில் ஐஸுக்குள் போனால் பத்து நாள் கழித்தும் கண் தெளிவாக இருக்கும். கொஞ்சம் அசந்தால் போச்சு. நான் சின்ன வயதில் அடி வாங்கியதில் பாதி, ஐஸ் போடச் சோம்பல்பட்டதற்காகத்தான்.

புறப்படுகிற அன்று மச்சான் இரண்டு புதுக் குப்பிகளைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மூடி இறுக்கமான ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, கீழே ஐஸ் அறையில் ஒரு மூலையில் புதைத்தார். மேலே உப்பும் தூவினார். உப்புத் தூவினால் ஐஸின் குளிர் இன்னும் ஏறும். நல்ல விலை போகும் சரக்குக்கு மட்டும்தான் நாங்கள் அப்படிச் செய்வோம்.

"மெடிக்கல்ல குடுக்கும்போதே ஐஸ் கட்டி போட்டுத்தானே தாராவ. அவனுக்கிட்ட இருக்குறது ஒரு பொடி ஐஸ். நம்மகிட்ட ஒரு அறை முழுக்க கெடக்கு" என்றார். அவருக்கு அதில் ஒரு பெருமை. எனக்கும் சரியாகத்தான் பட்டது. இதைவிடப் பத்திரமாக யாராலும் வைக்க முடியாது என்றுதான் நினைத்தேன்.

முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. கணவாய் அள்ள அள்ள வந்தது. மச்சானுக்கு ஒரே கொண்டாட்டம். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கீழே இறங்கி, டப்பாவை எடுத்து, குப்பியைக் கையில் உருட்டி இளக்கி, ஊசியைக் குத்திக்கொண்டு ஏறி வருவார். மீன் பார்க்கப் போகிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

பிறகு தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். சாதாரணக் குடி இல்லை. செம்பு செம்பாக. குடித்த சூட்டில் ஒன்றுக்கிருக்க ஓரத்துக்குப் போய் நிற்பார், திரும்பி வந்து மறுபடியும் குடிப்பார். போட்டில் குடிதண்ணீர் அளவாகத்தான் இருக்கும். சமையல் பார்த்த அண்ணன் முதலில் முனகினார், பிறகு சத்தமாகவே சொன்னார்.

"ஸ்ராங்கு குடிக்குற வெள்ளத்துக்கு, நாம திரும்பி போறதுக்குள்ள கடல்வெள்ளத்த காய்ச்சித்தான் குடிக்கணும் போலுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் உதடு வெடித்திருந்தது.

அவரைத் தனியாகக் கேட்டேன். ஊசியின் அளவைக் கூட்டிவிட்டேன், சரியாகிவிடும் என்றார். மறுநாளும் கூட்டினார். அடுத்த நாள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டு, யாரோ அவரை ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு குரலில் சொன்னார்.

"மருந்து புடிக்கல மக்கா. எவ்வளவு ஏத்தினாலும் புடிக்கல."

நான் கீழே போய் அந்தக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பிரிட்ஜில் பார்த்தபோது அது தண்ணீர் ஊற்றிய பால் மாதிரி ஒரே சீராக இருந்தது. இப்போது உள்ளே பொடிப்பொடியாக ஏதோ மிதந்தது, கண்ணாடியில் ஒட்டியும் இருந்தது. திரிந்த பால்தான். இன்னொரு குப்பியும் அப்படியே. கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்து, அவனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அந்த மனுஷன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மச்சான் வாந்தி எடுத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகையில் சுருண்டார். மூச்சு ஏதோ ஓடி வந்தவன் மூச்சு மாதிரி ஆழமாக, நிற்காமல் வந்தது. பக்கத்தில் குனிந்தால் அதிகம் பழுத்துப்போன பழத்தின் வாடை. மீனும் டீசலும் நாறுகிற போட்டில் அந்தப் பழ வாடை எனக்குக் குலையை நடுக்கியது.

போட்டைத் திருப்பு மச்சான் என்றேன். இன்னும் இரண்டு வலை போட்டுவிட்டுப் போகலாம் என்றார். எனக்கு வந்ததே கோபம்! சத்தியமாவது மண்ணாவது. மேலே ஏறி எல்லோரையும் கூப்பிட்டு, இது சுகர், இவர் ஊசி போடுகிற ஆள், மருந்து கெட்டுப்போச்சு, இப்போதே கரைக்குப் போகாவிட்டால் ஆள் தேறமாட்டார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

நான் எதிர்பார்த்த மாதிரி யாரும் முகம் சுளிக்கவில்லை. தண்ணீருக்குக் கேலி செய்த அந்த அண்ணன்தான் முதலில் அழுதார்.

"பாவி மட்டை, இத நேரத்த சொல்லியிருந்தா நாங்க என்ன கடிச்சா திங்கப் போறோம்?" என்று மச்சானைத் திட்டிக்கொண்டே அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். வலையை அவசரமாக இழுத்துப் போட்டு, மூக்கைக் கரைக்குத் திருப்பினோம். ஆனால் கரை பக்கத்திலா இருக்கிறது? ராத்திரி பகலாக ஓடினாலும் மறுநாள் காலைதான்.

வயர்லெஸ் இருந்தது. அந்தப் பக்கம் கிடக்கிற போட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே சேனலில்தான் பேசுவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் வேலை செய்யும் போட்டுகளும் மூன்று நான்கு அங்கே கிடந்தன. ஒன்று கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே நின்றது. யாரிடமாவது இந்த மருந்து இருக்காதா என்று ஒரு நப்பாசை. நான் மைக்கை எடுத்ததும், கண்ணை மூடிக் கிடந்த மச்சான் என் காலைப் பிடித்துவிட்டார். எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ தெரியவில்லை.

"வயர்லெஸ்ல பறயாதல. ஊரு முழுக்க கேக்கும்ல. எனக்க சோலி போச்சுல மக்கா."

உயிர் போகிற நேரத்தில் மனுஷன் வேலையைப் பற்றிப் பேசுகிறார். நான் அவர் கையை உதறிவிட்டுப் பேசினேன். எங்கள் ஸ்ராங்குக்குச் சுகர் ஊசி மருந்து வேண்டும், இன்சுலின், யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஆள் மோசமாகக் கிடக்கிறார் என்று போட்டின் பெயரையும் கிடக்கிற இடத்தையும் சொன்னேன்.

அந்த வயர்லெஸ் செட் எப்போதும் வாய் ஓயாது. பாட்டு, கேலி, மீன் விலை, கெட்ட வார்த்தை என்று நாள் முழுக்க அலறிக்கொண்டிருக்கும். நான் சொல்லி முடித்ததும் ஒரு சத்தம் இல்லை. மறுபடியும் சொன்னேன். ஒருவர், காய்ச்சல் மாத்திரை இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். இன்னொருவர், சுகர் குறைந்திருக்கும், சீனித்தண்ணீர் கொடு என்றார். நல்லவேளை, மச்சானுக்கு வேண்டாம் என்று தலையாட்ட அறிவு மிச்சமிருந்தது. மூன்றாவது தடவையும் சொன்னேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

அப்போதுதான் இரைச்சலுக்குள் இருந்து கம்மலாக ஒரு குரல் வந்தது. எங்கள் ஊருக்கு மேற்கே, தூத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

"எனக்கிட்ட இருக்கு. ஞானும் ஊசி போடுற ஆளாக்கும். நீங்க நிக்கண்டாம், கரைக்கு ஓடிக்கிட்டே இருங்க. நான் குறுக்க வந்து பிடிக்கேன்."

அவரும் ஒரு ஸ்ராங்குதான். அந்தப் பரப்பில் கிடந்த அத்தனை போட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, தன் வாயால், தன்னை அப்படிச் சொன்னார். அவர் கிடந்தது வெகு தொலைவில். நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடி, நடுப்பகல் தாண்டித்தான் எங்களை எட்டினார். காற்று கிளம்பி இருந்தது, இரண்டு போட்டும் ஒட்ட முடியவில்லை. ஈரத்துணியில் சுற்றிய குப்பியை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் போட்டு, கயிற்றில் கட்டி வீசினார். முதல் வீச்சு கடலில் விழுந்தது, கயிற்றை இழுத்து மறுபடியும் வீசினார். இரண்டாவதை நான் நெஞ்சில் வாங்கிக்கொண்டேன். அவர் கையைத் தூக்கி, போ போ என்று விரட்டினார். அவரிடம் இருந்ததே இரண்டு குப்பி, அதில் ஒன்று இது என்று பிறகு வயர்லெஸ்ஸில் யாரோ சொன்னார்கள்.

அந்த மருந்து பிடித்தது. சாயங்காலத்துக்குள் மச்சானின் மூச்சு கொஞ்சம் தணிந்தது. எந்த இடத்தில் ஓடுகிறோம் என்று கேட்டார். நான் சொன்னதும், அந்தப் பாதையில் ஓடாதே, இந்தப் பக்கம் வெட்டு என்று என்னைத் திட்டினார். திட்டு வாங்கி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான். தப்பித்தோம் என்றே நம்பினேன்.

காலையில் குளச்சலில் ஆம்புலன்ஸ் காத்து நின்றது. நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனார்கள். அதற்குள் அவருக்கு மறுபடியும் நினைவு தப்பியிருந்தது. சின்ன வயது டாக்டர் அம்மா ஒருவர் வெளியே வந்து, ஊசி ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தாரா, இடையில் நிறுத்திவிட்டாரா என்று கேட்டார். ஒரு வேளைகூட விடவில்லை என்று டப்பாவை நீட்டினேன். அவர் குப்பியைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதை எங்கே வைத்திருந்தீர்கள்?"

"ஐஸ்லதான் டாக்டர். ஒரு நிமிஷம்கூட வெளியில வைக்கல" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் குப்பியை மேசைமேல் வைத்தார். பிறகு என்னை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பொறுமையாகச் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. இது சாதாரண மாத்திரை மாதிரி இல்லை, ஒரு புரதம் என்றார். முன்பெல்லாம் மாடு, பன்றி இவற்றின் உடம்பில் இருந்து எடுத்தார்களாம். இப்போது மனிதனின் மரபணுவில் இன்சுலினைச் செய்யச் சொல்லும் பகுதியை ஒரு நுண்ணுயிருக்குள் வைத்து, பெரிய பெரிய தொட்டிகளில் அதை வளர்த்து, அது செய்து தருகிற இன்சுலினைச் சுத்தம் செய்து குப்பியில் அடைக்கிறார்களாம். குளிர்ச்சியில் வைக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது. ஒரு தடவை உறைந்துவிட்டால் உள்ளே அதன் கட்டு குலைந்துபோகும். பிறகு இளகினாலும் பழையபடி வேலை செய்யாது. பிரிட்ஜ் இல்லாவிட்டால் ஈரத்துணியில் சுற்றி, நிழலில் ஒரு மண்சட்டியில் வைத்தாலே போதும், கொஞ்ச நாளைக்குத் தாங்கும் என்றார்.

எங்கேயோ ஒரு தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உருவாக்கிய மருந்து. எத்தனை பேர் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்தது. ஊர் ஊராகக் குளிர் வண்டியில் ஏறி, எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப் பிரிட்ஜ் வரைக்கும் நல்லபடியாக வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு எங்கள் கைக்கு வந்தது. நாங்கள் உப்புப் போட்டு உறைய வைத்தோம். மச்சான் தினமும் பத்திரமாக எடுத்து, வயிற்றில் குத்திக்கொண்டது வெறும் தண்ணீர்தான்.

ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது, சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது என்றார்கள். எந்திரத்தில் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்து பார்த்தார்கள். அவர்கள் குறை வைக்கவில்லை. இரண்டு நாள் போராடி, மூன்றாம் நாள் மத்தியானம் மச்சான் போய்விட்டார். ஒரு ஆறு மணி நேரம் முன்னால் நல்ல மருந்து உள்ளே போயிருந்தால் என்று நான் டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். அப்படியெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவர் சொன்னார். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அக்காவுக்கு நான் அதை எப்படிச் சொல்ல? சொல்லித்தான் ஆகவேண்டும், சொன்னேன். அவள் அழுததைவிட, துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அவள் கேட்ட கேள்விதான் என்னைக் கொன்றது.

"ஐஸ்ல வச்சா எதுவும் கெடாதுல்லா? நீங்களே சொல்லுங்க, ஐஸ்ல வச்சா எதாவது கெடுமா?"

வந்தவர்கள் எல்லோரும் கடற்கரைப் பெண்கள். அவர்களும் பிறந்ததில் இருந்து அதைத்தானே நம்பி வாழ்கிறார்கள். ஒரு கிழவி, கெடாது மக்களே, கெடாது என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கல்லறைத் தோட்டத்தை விட்டுக் கலைந்துகொண்டிருந்தார்கள். நான் மதில் ஓரமாக நின்றேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இன்னொரு போட்டில் ஸ்ராங்கு. ஆறுதல் சொல்ல வந்தார் என்று நினைத்தேன். யாரும் காதுக்கெட்டும் தூரத்தில் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"அண்ணைக்கு ஒங்களுக்குப் பக்கத்துல கெடந்தது எங்க போட்டுதான்" என்றார். "நீ கேட்டத நான் கேட்டேன் மக்கா. எனக்கிட்டயும் இருந்து. செட்ட சுத்தி எங்க ஆளுகளெல்லாம் நிண்ணானுவ. எனக்கு நாக்கு எழும்பல. பொறவு நீ கரையுறத கேக்கமாட்டாம செட்ட அணைச்சுப்போட்டேன்."

 அரை மணி நேரத்தில் வந்திருக்கலாம்! கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மருந்தை வைத்துக்கொண்டு, நான் அழுவதைக் கேட்டுக்கொண்டு, செட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். முன்பின் தெரியாத ஒருவன் அரை நாள் ஓடி வந்தான். இவன் என் ஊர்க்காரன். மூத்தவர் என்றுகூடப் பார்க்காமல் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். மச்சானின் குழி மூடி மண் இன்னும் காயவில்லை, அங்கேயே இன்னொரு குழி தோண்டியிருப்பேன். அவர் தடுக்கவே இல்லை, அடிக்கட்டும் என்று நின்றார். அப்போது, எதற்கென்று தெரியாமலே, என் வாயில் ஒரு கேள்வி வந்தது.

"எங்க வச்சிருந்தீரு அந்த மருந்த?"

"ஐஸுக்குள்ளதான்" என்றார். "நல்ல பத்திரமாத்தான் வச்சிருக்கேன். உப்பெல்லாம் போட்டு."

என் கை தானாக விழுந்துவிட்டது. அவருடைய சட்டையைப் பார்த்தேன். தோள் தொளதொளவென்று தொங்கியது. கழுத்து எலும்பு தெரிந்தது. உதட்டைப் பார்த்தேன், வெடித்திருந்தது.

என்ன செய்ய? செத்தவரைப் புதைத்த கையோடு, அந்த மனுஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். அதே டாக்டர் அம்மாதான் பார்த்தார். இன்னும் ஒரு தங்கல் இப்படிப் போயிருந்தால் இவரையும் தூக்கித்தான் வந்திருப்பீர்கள் என்றார். திங்கட்கிழமை போட்டு ஏற இருந்தாராம்.

அவர் இன்றும் உயிரோடு இருக்கிறார், கடலுக்கும் போகிறார். மருந்தை மண்சட்டியில் ஈரத்துணி சுற்றி வைத்துக்கொள்கிறார். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம் வேறு ஏதோ சொல்லிவைத்திருக்கிறார். எங்களுக்குக் குப்பியை வீசிய அந்தத் தூத்தூர்ப் பக்கத்துக்காரரைப் பார்த்து நன்றி சொல்ல, கொஞ்ச நாள் கழித்துத் தேடிப்போனேன். அவரை அந்தப் போட்டில் இருந்து இறக்கிவிட்டார்களாம். ஊசி போடுகிற ஸ்ராங்கு வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். வேலை தேடி வேறு எங்கோ போய்விட்டார் என்றார்கள். அதைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஊர்க்காரர் மேல் இருந்த மிச்சக் கோபமும் எங்கே போய் விழுவது என்று தெரியாமல் போனது.

வெயிலிலும் கெடாத இன்சுலினுக்கு ஆராய்ச்சி நடக்கிறது என்று பத்திரிகையில் வரும்போதெல்லாம் நான் விடாமல் படிக்கிறேன். வரட்டும், சீக்கிரம் வரட்டும். எனக்குத் தெரிந்த வரையில் போட்டுப் போட்டாக ஏறி, சுகர் மருந்தை ஐஸில் வைக்காதீர்கள் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். எல்லோரும் யாருக்கோ சொல்வது மாதிரி கேட்டுக்கொள்கிறார்கள். நான் இறங்கிய பிறகு யாராவது ஒருவர் பின்னாலேயே வந்து, எனக்கில்ல, தெரிஞ்ச ஒருத்தருக்கு என்று ஆரம்பிக்கிறார். எங்கள் ஊர்க்காரர் மட்டும் ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும், ஆருக்கிட்டயும் பறஞ்சிராத மக்கா என்று கையைப் பிடித்துக்கொள்கிறார். இன்றுவரை நான் அவர் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. இது அவருக்கு நான் செய்யும் உதவியா, மச்சானைக் கொன்ற அதே வேலையைத்தான் நானும் செய்துகொண்டிருக்கிறேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.